சிலம்பம் ஏன் கபடி ஆகவில்லை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நான் டே ஸ்காலர்தான். ஆனாலும் அன்றைக்கு ரெக்கார்ட் நோட்டு எழுதுகிறேன் என்று சொல்லி நண்பர்களின் ரூமுக்குப் போய், அரட்டையில் கடைசி லோக்கல் ட்ரெயினையும் விட்டுவிட்டேன். ரெக்கார்டும் எழுதவில்லை. ஐந்து பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பழைய யூ.எஃப்.சி. சண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருத்தன் கேட்டான்: "மச்சி, முன்னாடி கிக்பாக்ஸிங்னு ஒண்ணு இருந்துச்சே, வான் டாம் படத்துல எல்லாம் வருமே, அது என்னடா ஆச்சு? இப்ப எங்க பாத்தாலும் எம்.எம்.ஏ.தான இருக்கு?"

யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. "அது போர் அடிக்கும்டா" என்றான் ஒருத்தன். அது பதில் இல்லை. எழுந்து நின்று கையாலும் காலாலும் அடித்துக்கொள்வது எப்படி போர் அடிக்கும்? தரையில் ஒருவன் மேல் ஒருவன் ஐந்து நிமிடம் படுத்துக் கிடப்பதுதானே போர் அடிக்க வேண்டும்?

அடுத்த ஒரு வாரம் ட்ரெயினில் போகும்போதும் வரும்போதும் அதைப் பற்றியே படித்தேன். படித்து முடித்தபோது மனதில் நின்றது அமெரிக்கா இல்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையும், அங்கே நான் ஐந்து வருடம் கற்ற சிலம்பமும்தான். முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நம்ம ஊர்க் கதை புரியும்.

அமெரிக்காவில் கிக்பாக்ஸிங் முதலில் வந்தது, எம்.எம்.ஏ. பின்னால் வந்தது. 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஃபுல் கான்டாக்ட் கராத்தே' என்ற பெயரில் பெரிய போட்டி நடந்தது. அதை நடத்த பி.கே.ஏ. என்ற அமைப்பு உருவானது. பில் வாலஸ், பென்னி உர்கிடெஸ் மாதிரி ஆட்கள் அந்தக் காலத்து நட்சத்திரங்கள். 80களில் ஈ.எஸ்.பி.என். டிவியில்கூட வந்தது. யூ.எஃப்.சி. பிறந்ததே 1993 நவம்பரில்தான், டென்வரில். அதாவது கிக்பாக்ஸிங்குக்கு 19 வருடம் முன்னிலை! அப்படியும் தோற்றது.

ஏன்? பி.கே.ஏ. விதிப்படி இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. சரி. ஆனால் வீரர்கள் உதைக்கவே மறந்து வெறும் பாக்ஸிங் மாதிரி குத்திக்கொண்டே இருந்தார்கள். அதனால் ஒரு ரவுண்டுக்குக் குறைந்தது 8 உதை உதைத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உதைச் சண்டையில் உதையை எண்ணுவதற்குத் தனியாக ஆள்! அட்டென்டன்ஸ் மாதிரி :)

1976இல் டபிள்யூ.கே.ஏ. என்று இன்னொரு அமைப்பு வந்தது. அதில் தொடையில் உதைக்கலாம். பிறகு இன்னும் சில அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'உலக சாம்பியன்'. ஜப்பானில் 1993 ஏப்ரலில் கே-1 ஆரம்பித்தது. அங்கே அது டோக்கியோ டோமை நிரப்பும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் விதி வேறு, முழங்கால் அடியும் உண்டு. டிவியைப் போடும் அமெரிக்கனுக்கு இன்றைக்கு எந்த கிக்பாக்ஸிங், எந்தச் சாம்பியன் என்று தெரியாது. அதோடு கையால் குத்துவதைப் பார்க்க அவனிடம் ஏற்கெனவே பாக்ஸிங் இருந்தது. பணமும் அங்கேதான் இருந்தது.

யூ.எஃப்.சி. ஆரம்பத்தில் இதைவிட மோசமான நிலையில் இருந்தது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதை மனிதச் சேவல் சண்டை என்று திட்டினார். கேபிள் டிவிக்காரர்கள் தூக்கி எறிந்தார்கள். ஆனால் 2000-2001 வாக்கில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரே விதிப் புத்தகம் எழுதப்பட்டது. மற்ற மாநிலங்களும் மெதுவாக அதையே எடுத்துக்கொண்டன. 2001இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய கம்பெனி, 2005இல் ஒரு ரியாலிட்டி ஷோவால் வீட்டுக்கு வீடு நுழைந்து, 2016இல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு விதி, ஒரு பட்டியல், ஒரு சாம்பியன். விளையாட்டு சிறந்ததா என்பது அப்புறம். பார்க்கிறவனுக்கு அடுத்த சண்டை ஏன் முக்கியம் என்று தெரிந்தது.

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம்.

எங்கள் ஊர் பொன்னேரி பக்கம். கல்லூரி கவரைப்பேட்டையில். சென்ட்ரலிலிருந்து கூடூர் போகும் பாதையில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற ஊர். 2024 அக்டோபரில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதே, அப்போதுதான் பாதிப் பேருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் முழுக்க ஏரி, நெல் வயல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ். என் சிலம்ப வாத்தியாரும் சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் வேலை செய்தவர்தான். அவருக்குப் பகல் ஷிஃப்ட் இருந்தால் எங்களுக்குச் சாயங்காலம் வகுப்பு. நைட் ஷிஃப்ட் இருந்தால் விடிகாலை. ஒன்பது வயதில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் கம்பையே கையில் கொடுக்கவில்லை. காலடி மட்டும்தான். அப்புறம் என் நெற்றிப் பொட்டு உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு வெட்டிக் கொடுத்தார். அந்தக் கம்பு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அதே ஊரில் சனி, ஞாயிறு என்றால் கபடி. பொங்கல் சமயத்திலும் கோயில் திருவிழாவிலும் ராத்திரி மேட்ச் இருக்கும். டியூப்லைட் கட்டி, தரையைத் தண்ணீர் தெளித்துச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். மைக்கில் ஒருத்தர் விடிய விடிய வர்ணனை. எங்கள் ஊர் டீம் ஆடினால் பாட்டிகள்கூடப் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் பாட்டிக்கு 'போனஸ் லைன்' என்றால் என்ன என்று தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அதே பாட்டி என் சிலம்ப அரங்கேற்றத்துக்கும் வந்தார். முடிந்ததும், "நல்லா சுத்துனடா கண்ணு. யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

முதலில் கபடி எப்படி ஒரே விளையாட்டு ஆனது என்று பாருங்கள். நாம் சடுகுடு என்றோம். தெலுங்கில் செடுகுடு. வங்காளத்தில் ஹாடுடு. மகாராஷ்டிரத்தில் ஹுதுது. பெயர் மட்டும் இல்லை, ஆட்டமும் வேறு வேறு. சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று முறைகள் பெரிதாக இருந்தன. சஞ்சீவனியில் நம் டீம் எதிராளியை அவுட் ஆக்கினால் வெளியே போன நம் ஆள் உயிர் பெற்று உள்ளே வரலாம். காமினியில் அவுட்டானவன் அவுட்தான், எதிர் டீம் மொத்தமும் காலியாகும் வரை உள்ளே வர முடியாது. அமரில் யாரும் வெளியே போகவே மாட்டார்கள், பாயிண்ட் மட்டும் ஏறும். பஞ்சாபில் வட்டக் களத்தில் ஆடுவது தனி.

1920களில் மகாராஷ்டிரத்து உடற்பயிற்சிக் கழகங்கள் உட்கார்ந்து இதற்கு விதி எழுத ஆரம்பித்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் ஆட்கள் அங்கே போய் ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்திய அளவில் ஒரு சம்மேளனம். கடைசியில் சஞ்சீவனி முறைதான் தேசிய விதிக்கு அடிப்படையானது. காமினி ஆடியவர்களும் அமர் ஆடியவர்களும் விட்டுக்கொடுத்தார்கள், அல்லது காலப்போக்கில் காணாமல் போனார்கள். பஞ்சாப் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றும் தனியாக வட்டக் கபடி ஆடுகிறார்கள்.

சஞ்சீவனி ஜெயித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிர் பெற்று வருகிற விதி இருப்பதால்தான் 3 பேர் மிச்சம் இருக்கும் டீம்கூட திரும்பி எழ முடிகிறது. பார்க்கிறவன் எழுந்து போகமாட்டான். காமினியில் முதல் ஐந்து நிமிடத்தில் நல்ல ரைடர் அவுட்டானால் பிறகு என்ன பார்ப்பது?

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டம். 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டம். அங்கிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. தமிழ்நாட்டு ராஜரத்தினம், கே. பாஸ்கரன், மணத்தி கணேசன் எல்லாம் இந்தக் காலத்தில் இந்திய அணிக்கு ஆடியவர்கள். ராஜரத்தினத்துக்கும் கணேசனுக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. (2025இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படம் கணேசன் வாழ்க்கையைத் தழுவியதுதான்.) தூத்துக்குடி மாவட்டத்து ஒரு கிராமத்துப் பையனுக்கு ஊர் மண்ணிலிருந்து ஹிரோஷிமா வரை ஏணி இருந்தது. ஊர் டீம், மாவட்டம், மாநிலம், ரயில்வே அல்லது போலீஸ் வேலை, இந்திய அணி. எல்லாப் படியிலும் ஒரே விதி. ஏணியில் ஏறவிடாமல் காலைப் பிடித்து இழுக்கச் சாதி இருந்தது, அதைத்தான் படம் சொல்கிறது. ஆனால் ஏணி என்று ஒன்று இருந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் டிவி. 2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடி லீக் ஆரம்பித்தது. 8 அணிகள். அந்த முதல் சீசனை 43.5 கோடி பேர் பார்த்ததாகக் கணக்கு, ஐ.பி.எல்.லுக்கு அடுத்த இடம். ரைடுக்கு 30 நொடி என்று திரையில் கடிகாரம் ஓடியது. இரண்டு ரைடு காலியாக வந்தால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் பாயிண்ட் எடுக்காமல் வந்தால் அவுட். யோசித்துப் பாருங்கள், பி.கே.ஏ. உதை எண்ணிய அதே பிரச்சினைதான் இது. ரைடர் சும்மா கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறான், என்ன செய்வது? அங்கே உதை எண்ண ஆள் போட்டார்கள். இங்கே அதையே நெஞ்சு படபடக்கும் கட்டமாக மாற்றிவிட்டார்கள்.

முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2023 ஏலத்தில் பவன் ஷெராவத் 2.60 கோடிக்கு மேல் போனார். (அதற்கு முந்தைய வருடம் நம்ம தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் மேட்சிலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமலே அந்த வருடம்தான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. நம்ம ராசி அப்படி!)

இப்போது சிலம்பம். சிலம்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் அது எத்தனை ஆயிரம் வருடம் பழையது என்று ஆரம்பிப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கிக்பாக்ஸிங்கும் பழசுதான், பழசாக இருந்து என்ன பயன். எனக்கு முக்கியமாகப் படுவது 1801. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட அதே வருடம், டிசம்பரில், மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டார். ஈட்டி போனது, வாள் போனது, துப்பாக்கி போனது. மாடு மேய்க்கிறவன் கையில் இருக்கிற கம்பை யார் பிடுங்க முடியும்? போர்க்கலை என்று வெளியே சொல்ல முடியாத காலத்தில் அது திருவிழா ஆட்டமாகவும், ஒரு ஆசான் தன் வீட்டுக் கொல்லையில் நம்பிக்கையானவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் ரகசியமாகவும் தங்கியது என்று நான் நினைக்கிறேன். மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் அங்கேயும் கொண்டுபோனார்கள்.

ரகசியமாகத் தங்கியதால்தான் பிழைத்தது. ஆனால் அந்த ரகசியமே பிறகு அதன் காலைக் கட்டிவிட்டது.

குறவஞ்சி, மறைக்கானம், துளுக்காணம், நாகம் பதினாறு, கள்ளர் கம்பு என்று முறைகள் ஏராளம். கபடியிலும் முறைகள் இருந்தனவே என்று கேட்கலாம். வித்தியாசம் இதுதான். கபடி டீம் ஊருக்குச் சொந்தம். சிலம்ப முறை ஆசானுக்குச் சொந்தம். ஊர் டீம் பக்கத்து ஊரோடு ஆட வேண்டும் என்றால் விதியைப் பேசித் தீர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மேட்ச்சே கிடையாது. ஆனால் ஒரு ஆசானுக்குப் பக்கத்து ஆசானோடு எதையும் பேசித் தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால் தீர்க்காமல் இருப்பதில்தான் அவர் மதிப்பு இருக்கிறது. "அந்த அடி எங்க வரிசையில மட்டும்தான் இருக்கு" என்பதுதான் அவர் சொத்து. நான் பத்தாவது படிக்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வாத்தியாரிடம் சுருள்வாள் பார்க்கப் போனேன். கற்கக்கூட இல்லை, பார்க்கத்தான். என் வாத்தியார் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

இந்தப் பக்கம் இன்னொரு விசித்திரம் உண்டு. ஆரம்பாக்கம் தாண்டி தடா போனால் ஆந்திரா. அங்கே இதே கம்பு விளையாட்டுக்குப் பெயர் கர்ரசாமு. ஒரே மூங்கில், ஏறக்குறைய ஒரே வீச்சு. ஆனால் சிலம்பக்காரரும் கர்ரசாமுக்காரரும் மோதுகிற ஒரு போட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. செடுகுடும் சடுகுடும் ஒரே விதிக்குள் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

இன்னொரு பிரச்சினை கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது. நிஜமான சிலம்பச் சண்டையில், அதாவது இரண்டு பேர் எதிரெதிரே நின்று தொட்டு விளையாடும்போது, முக்கியமான கணம் பார்க்கிறவனுக்குத் தெரிவதே இல்லை. கம்பு நுனி வரும் வேகத்துக்குக் கண் பிடிக்காது. 'டக்' என்று சத்தம் கேட்கும், அது கம்பு மேல் பட்டதா கை மேல் பட்டதா என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். பழைய நாளில் கம்பு நுனியில் சாயம் தடவி, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணினார்கள். கபடியில் அப்படி இல்லை. ஒருத்தன் ஏழு பேருக்கு நடுவே தனியாகப் போகிறான், திரும்பி வருகிறான் அல்லது மாட்டிக்கொள்கிறான். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் என் பாட்டிக்குக்கூடத் தெரியும்.

சண்டை தெரியாது, ஆனால் சுற்றுவது அழகாகத் தெரியும். அதனால் கைதட்டல் சுற்றுவதற்குப் போனது. ஆட்டமும் கைதட்டல் போன பக்கம் போனது. எம்.ஜி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பத்தை அவரைவிட அதிகப் பேரிடம் கொண்டுபோனவர் யாரும் இல்லை. 1971 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் இருந்துகொண்டே கம்பு சுற்றுவாரே, அதைப் பார்த்துத்தான் என் அப்பா என்னைச் சிலம்பத்தில் சேர்த்தார். ஆனால் அந்தக் காட்சியில் யார் ஜெயிப்பார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். சினிமா சிலம்பத்துக்கு ரசிகர்களைக் கொடுத்தது, போட்டியைக் கொடுக்கவில்லை. 'வெண்ணிலா கபடி குழு' (2009) மாதிரிப் படங்களில் பாருங்கள், கடைசி மேட்ச்தான் கதை.

இப்போது இது இன்னும் மோசமாகிவிட்டது. பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். சிறுவர்கள் மணிக்கணக்காகத் தொடர்ந்து சிலம்பம் சுற்றி 'உலக சாதனை' என்று. ஆணி மேல் நின்று சுற்றுவது, பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அந்தக் கை வலி எனக்குத் தெரியும். ஆனால் எதிரே ஆள் இல்லாமல் மூன்று மணி நேரம் சுற்றுவதற்கும் சண்டைக் கலைக்கும் என்ன சம்பந்தம்? கபடியில் யாராவது தனியாக மூன்று மணி நேரம் 'கபடி கபடி' என்று பாடிச் சாதனை செய்தால் சிரிக்க மாட்டோமா?

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு, மறைக்கவில்லை. மாவட்டப் போட்டி என்று நான் மூன்றுக்குப் போயிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு சங்கங்கள் நடத்தியவை. ஒன்றில் காலில் பட்டால் பாயிண்ட். இன்னொன்றில் கிடையாது. மூன்றாவதில் சண்டையே இல்லை, தனியாகச் சுற்றிக் காட்டினால் நடுவர்கள் மார்க் போட்டார்கள். மூன்றிலும் நான் ஏதோ ஒரு இடம் வாங்கினேன். வீட்டில் மூன்று சர்டிஃபிகேட், மூன்று கப். பிளஸ் டூ முடித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தச் சர்டிஃபிகேட்களை நீட்டியபோது, புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சங்கங்கள் எங்கள் பட்டியலில் இல்லை தம்பி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற என் பெரியப்பா மகனிடம் கபடி சர்டிஃபிகேட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது செல்லுபடியானது. (அவன் என்னைவிட மோசமான மார்க் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்!)

நிலைமை மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழக அரசு வேலைகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. கபடி 1982 டெல்லியில் நின்ற அதே படியில், ஆனால் ஆசிய அளவில் இல்லாமல் தேசிய அளவில், சிலம்பம் 42 வருடம் கழித்து நிற்கிறது.

நண்பர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒன்று, "எல்லாம் ஸ்டார் டிவி காசுடா, அந்தக் காசைச் சிலம்பத்துல போட்டா அதுவும் ஓடும்." ஓடாது என்றுதான் நினைக்கிறேன். காசு வந்தது 2014இல். அதற்கு முன் அறுபது வருடமாகக் கபடியில் யார் எந்த ஊரில் ஆடினாலும் ஒரே ஆட்டமாக இருந்தது, அதனால் காசு எதன் மேல் விழ வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. வெறும் காசு போதும் என்றால் 2012இல் பாலிவுட் ஆட்கள் ஆரம்பித்த சூப்பர் ஃபைட் லீக் இன்றைக்கு எங்கேயோ போயிருக்க வேண்டும். எம்.எம்.ஏ. அமெரிக்காவில் ஜெயித்ததால் இங்கேயும் ஜெயிக்கும் என்று இறங்கினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது?

இரண்டாவது கேள்விதான் என்னை மடக்கியது. "அப்ப கோ-கோ?" கோ-கோவுக்கும் ஒரே விதி, ஒரே சம்மேளனம், பள்ளிக்கூடம் தோறும் ஆட்டம். அதற்கு லீக் வர 2022 ஆனது. 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்து ஆண், பெண் இரண்டும் இந்தியா ஜெயித்தது. நம் வகுப்பில் எத்தனை பேர் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை. ஆகவே ஒரே விதி இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் கதவே திறக்காது, திறந்த பிறகு வேறு பல விஷயம் வேண்டும். கோ-கோவில் துரத்தல் இருக்கிறது, நேருக்கு நேர் மல்லுக்கட்டு இல்லை. கபடியில் இரண்டும் இருக்கிறது.

கபடி சும்மா ஜெயிக்கவும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போன நீளமான 'பலிஞ்சடுகுடு' பாட்டுகள் போய், 'கபடி' என்ற ஒரே சொல் மிஞ்சியது. மூச்சுக்குப் பதில் கடிகாரம். மண்ணுக்குப் பதில் மேட், வெறுங்காலுக்குப் பதில் ஷூ. மேட்டில் பழகாத எங்கள் ஊர்ப் பையன்கள் டவுனுக்குப் போனால் முதல் பத்து நிமிடம் வழுக்கி விழுவார்கள். அந்தப் பாட்டுகள் தெரிந்தவர் எங்கள் ஊரில் இப்போது இரண்டே பேர், இரண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல்.

சிலம்பமும் அப்படி ஒரு விலை கொடுக்க வேண்டி வரும். ஏதோ ஒரு முறை 'சஞ்சீவனி' ஆகும், மற்றவை காமினி மாதிரி மறையும். ஒரு ஆசானின் ஐந்து தலைமுறைக் காலடி வரிசைக்கு மார்க் சீட்டில் கட்டமே இருக்காது. அப்படியும் செய்யத்தான் வேண்டும் என்பது என் கட்சி. தனியாகச் சுற்றுவதை ஒரு பக்கம் கலையாக வைத்துக்கொள்ளட்டும், தொடுமுறைச் சண்டைக்கு மட்டுமாவது எல்லாச் சங்கமும் ஒரே கணக்குக்கு வரட்டும். எத்தனையோ முறை அழிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லவில்லை, எனக்கும் வலிக்கும். ஆனால் இப்போதே எங்கள் ஏரிக்கரையில் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? நான் சேர்ந்தபோது முப்பது பேர் இருந்தோம்.

பொங்கலுக்கு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். ரிடையர் ஆகிவிட்டார். எட்டு பிள்ளைகள் இருந்தார்கள், அதில் ஐந்து பேர் பெண் பிள்ளைகள். ஆச்சரியம் என்னவென்றால் தலைக்கவசம், மார்புக் கவசம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று தொட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மடக்கி உள்ளே புகுந்து பெரியவள் முழங்காலில் ஒன்று வைத்தாள். அழகான அடி. எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

"வாத்தியாரே, இது பாயிண்ட்டா?" என்று கேட்டேன்.

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்தச் சங்கத்துக் கணக்குல கேக்குற தம்பி?"